வாத்தியார் வீட்டு ஜெபம்

ஜவ்வாது மலையில் எங்கள் வீடு ஒரு பள்ளத்தில் இருந்தது. மேற்கே முகடு உயரம். ஐந்து மணிக்கெல்லாம் வெயில் அதற்குப் பின்னால் போய்விடும். வானம் மட்டும் அதற்கப்புறமும் வெகுநேரம் வெளுத்துக் கிடக்கும். இதனால் எங்கள் வீட்டில் தீராத ஒரு வேத வியாக்கியானத் தகராறு இருந்தது.

கோபத்தோடு பொழுது சாயவிடக் கூடாது என்று எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் சொல்கிறார். அப்பா அம்மா கல்யாணத்தன்று தாத்தா அதையே சட்டமாகப் போட்டுவிட்டார்: சண்டை எதுவானாலும் அன்றைய பொழுதுக்குள் பேசிவிட வேண்டும். அப்பாவுக்குச் சமாதானம் சீக்கிரம் வேண்டும். முகட்டுக்குப் பின்னால் வெயில் இறங்கியதும் வாசல் திண்ணையிலிருந்து குரல் கொடுப்பார்: “பொழுது போயாச்சு.” அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பாமல் சொல்வாள்: “திருப்பத்தூர்ல இன்னும் வெயில் அடிக்குது.”

சமவெளியின் சூரியனைத்தான் அம்மா கணக்கில் எடுத்துக்கொள்வாள். அது அவளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரக் கோபத்தைக் கொடுத்தது. திருப்பத்தூரும் இருட்டியிருக்கும் என்று தெரிந்த பிறகு, ஒரு கரண்டியில் குழம்பை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வருவாள். “உப்பு பத்துமா பாருங்க.” அவ்வளவுதான் சமாதான உடன்படிக்கை. மன்னிப்பு என்ற சொல்லை அவர்கள் இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. உப்பு எப்போதும் போதுமானதாக இருந்தது.

அப்பா அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் வாத்தியார். எழுபதுகளின் கடைசியில் அவருக்கு மலைக்கு மாற்றல் வந்தபோது சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கத்தான் வந்தார்கள். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகும் பஸ்ஸில் வந்து, பாதியில் இறங்கி நடக்க வேண்டும். அன்று அது எல்லாமே வட ஆற்காடு மாவட்டம். இப்போது அந்த ஒரு மலையைத் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்கள் பங்குபோட்டு வைத்திருக்கின்றன. மலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்று தங்கள் கதையைச் சொல்வார்கள், பேசுவது தமிழ். சாமை, கேழ்வரகு, பலா, புளி, தேன், கடுக்காய் இவற்றை வைத்து ஒரு வாழ்க்கை. ஊரில் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான்.

ராத்திரி ஏழரைக்குக் குடும்ப ஜெபம். அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், பிறகு ஒவ்வொருவராக ஜெபம். வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனைகளை அப்பா சுருதி பிசகாமல் பாடுவார், நாங்கள் பிசகிப் பாடுவோம். அதிகாரம் நீளமாக இருந்தால் தம்பி அம்மாவின் மடியில் தூங்கிவிடுவான். விடுதிப் பையன்கள் சிலபேர் பாட்டுக்காக மட்டும் வாசலில் வந்து நிற்பார்கள். பாட்டு முடிந்ததும் போய்விடுவார்கள்.

சுவாரசியம் அதற்குப் பிறகுதான். நேரில் சொல்ல முடியாததை எல்லாம் அம்மா ஜெபத்தில் சொல்வாள். “சம்பளம் வந்த அன்னைக்கே கேட்டவனுக்கெல்லாம் கைமாத்து குடுக்கிறவங்களுக்கு நல்ல ஞானத்தைத் தாரும் ஆண்டவரே.” அப்பாவின் ஆமென் அன்று கொஞ்சம் தாமதமாக வரும். அடுத்தது அவர் முறை. “இருக்கிறது போதும் என்கிற மனசை இந்த வீட்டில் எல்லாருக்கும் தாரும்.” நாங்கள் ஒரு கண்ணைத் திறந்து இருவரையும் மாறி மாறிப் பார்ப்போம். கடவுள் நடுவில் உட்கார்ந்து இருபக்க வாதத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பக்தியுள்ளவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிக்கலாம். எனக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேச முடியாத நேரம் ஒரு நாளில் அது ஒன்றுதான் இருந்தது. எத்தனையோ வீடுகளில் அதுகூட இல்லை. அம்மா அழுததை நான் பார்த்ததும் அந்தக் கால் மணி நேரத்தில்தான். பாட்டி கீழே படுக்கையில் கிடந்த மாதங்களில். கண்ணை மூடிக்கொண்டு அழுவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும்.

தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சிறுவயதில் திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தில் தோட்ட வேலையும் அடுப்படி வேலையுமாக வளர்ந்தவர். 1921-இல் அதைத் தொடங்கியவர்கள் இருவர்: டாக்டர் சவரிராயன் ஜேசுதாசன், டாக்டர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர். இருவரும் மருத்துவர்கள், இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கதர் உடுத்தி, தரையில் உட்கார்ந்து, சைவச் சாப்பாடு சாப்பிட்டு வாழ்ந்தார்கள். கோயில் கட்டும் முறைப்படி கோபுரம் வைத்து ஜெபாலயம் கட்டினார்கள். புராட்டஸ்டண்ட் சபையார் இந்தியாவில் தொடங்கிய முதல் ஆசிரமம் என்று அதைச் சொல்வார்கள். தாத்தாவுக்கு இந்தப் பெருமையெல்லாம் முக்கியமில்லை. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது.

வெள்ளைக்காரர் ஆட்சி நடக்கும் நாட்டில் ஒரு வெள்ளைக்காரர் தமிழருக்குத் தம்பியாக இருக்கச் சம்மதிப்பது சாதாரண விஷயமில்லை. மிஷன் பங்களாக்களில் எல்லாம் துரை துரைதான். 1932-இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் கதரோடு நின்றிருந்த சின்னண்ணனைப் போலீஸ் தடியால் அடித்தது. தாத்தா அந்தச் செய்தியைச் சொல்லும்போது, தன் வீட்டு ஆளை அடித்துவிட்ட மாதிரிதான் சொல்வார்.

ஆசிரமத்தைவிட்டு வந்தபிறகும் அவருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. எங்கள் வீட்டில் யாரையும் மொட்டையாகப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. எல்லாருக்கும் ஒரு முறை வைத்தாக வேண்டும். தெருவுக்குக் கக்கூஸ் அள்ள வரும் பெண்ணைச் சிறுவனான அப்பா “அத்தை” என்று கூப்பிட வேண்டும் என்று கட்டளையிட்டார். பாட்டிக்கு அது பொறுக்கவில்லை. அக்கா என்று சொல்லட்டும், சித்தி என்று சொல்லட்டும், அத்தை மட்டும் வேண்டாம் என்றாளாம். அவள் பயம் நியாயமானதுதான். அத்தை என்று ஆகிவிட்டால் நாளைக்கு அவள் வீட்டில் பெண் எடுக்கலாம் என்றாகிவிடும் அல்லவா. தமிழ்க் கிறிஸ்தவத்தின் நூறு வருஷச் சங்கடம் பாட்டியின் அந்த ஒரு தயக்கத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சகோதரரே, சகோதரியே என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லுவோம். மாமனே, மச்சானே என்று சொல்வதில்தான் சிக்கல்.

மலையில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாளை என் அம்மா “அக்கா” என்றாள். அதனால் எங்களுக்குப் பெரியம்மா. அவள் பிள்ளைகள் எங்களுக்கு அண்ணன், அக்கா முறை. (அம்மா பாட்டியின் மருமகள்; யோசித்துத்தான் முறை வைத்திருப்பாள்.) பெரியம்மாவுக்கு அப்பா “சாரு”, அம்மா “வாத்தியாரம்மா”. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு முருங்கை மரமும் பேச்சும்தான் இருந்தன.

வேடியப்பனுக்குப் பொங்கல் வைக்கும் முதல் வருஷம் சிக்கல் வந்தது. மலையிலும் அடிவாரத்திலும் வேடியப்பன் பெரிய சாமி. மரத்தடியில் பழைய நடுகல், அதற்கு மஞ்சள் குங்குமம், கோழி, பொங்கல். படைத்த சாப்பாட்டைக் கிறிஸ்தவர்கள் சாப்பிடலாமா கூடாதா என்பது கொரிந்து பட்டணத்திலேயே சண்டை மூட்டிய கேள்வி. பவுல் அதற்கு நீளமாகப் பதில் எழுதியிருக்கிறார். சாப்பிட்டாலும் குற்றமில்லை, ஆனால் பலவீனமான தம்பியின் மனசு புண்படுமானால் தான் இறைச்சியையே தொடமாட்டேன் என்று முடிக்கிறார். எங்கள் வீட்டில் பலவீனமான தம்பி யார் என்று முடிவாகவில்லை. பெரியம்மா தட்டோடு வந்து வாசலில் நின்றாள். அம்மா வாங்கிக்கொண்டாள். உள்ளே கொண்டுபோய் மூடி வைத்தாள். சாயங்காலம் அது யாருக்கோ போயிற்று. பெரியம்மாவுக்கு அது தெரிந்தும்விட்டது. மலையில் எதுவும் மறையாது.

அடுத்த வருஷம் மறுபடி தட்டோடு வந்தாள். இந்தத் தடவை இரண்டு தட்டு. “இது விடுதிப் பிள்ளைங்களுக்கு, சாமிக்குப் படைச்சது. இது உங்களுக்கு. படைக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சிட்டேன், குந்திச் சாப்பிடுங்க.” தேக்கு இலை போட்டு மூடிய தட்டு. இலையைத் தூக்கினால் சாமைப் பொங்கல், கோழித்தொடை இரண்டு. தொடை இரண்டும் எங்கள் தட்டுக்கு வந்துவிட்டால் வேடியப்பனுக்கு என்ன படைத்திருப்பாள் என்று அப்பா அன்று ராத்திரி கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்தத் தட்டு வந்தது.

யாரும் அவளிடம் வேத பாடம் எடுக்கவில்லை. எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, அதை எப்படி மீறாமல் சோறு போடுவது என்று தானே யோசித்துக் கண்டுபிடித்தாள். மலையில் எங்கள் விசுவாசம் பழுதில்லாமல் இருந்ததில் பாதிப் பங்கு அவளுக்குச் சேர வேண்டியது.

நாங்களும் பதிலுக்கு ஏதாவது செய்தோமா என்றால், ஒரு பூசணிக்காய்க் கதை இருக்கிறது. திருப்பத்தூர் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு நாங்கள் மலைச் சரக்கு கொண்டுபோவோம். சாமை, தேன், சீதாப்பழம். ஒரு வருஷம் பெரியம்மா தன் கூரையில் படர்ந்த பூசணிக்காயை அறுத்து வந்து, “உங்க சாமிக்கு இது என்னோடது” என்றாள். பஸ்ஸில் அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டே போனார். ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல ஏலம். தேங்காய், வாழைத்தார், கோழி, முட்டை எல்லாம் போனபின் பூசணிக்காய் வந்தது. யாரோ அதைத் திருஷ்டிக்கு வாங்கப் பார்க்கிறார்கள் என்று அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விடாமல் ஏற்றிக் கேட்டு அவரே எடுத்துவிட்டார்.

மறுநாள் எங்கள் அடுப்படியில் தன் பூசணிக்காயைப் பார்த்துப் பெரியம்மா திகைத்துப் போனாள்.

“இன்னா வாத்தியாரம்மா, திருப்பி அனுப்பிடுச்சா உங்க சாமி?”

அம்மா ஏலத்தை விளக்கினாள். பெரியம்மா கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தாள். “நான் சும்மா குடுத்த காயை, சாரு அங்க போயி காசு குடுத்து வாங்கியாந்தாரா!” அந்தப் பூசணிக்காயைப் பாதி பாதியாகப் பிரித்து இரண்டு வீட்டிலும் கூட்டு வைத்தார்கள். ஆக, எங்கள் சாமிக்குப் படைத்ததை அவளும் சாப்பிட்டாள். அவளுக்கு அதில் எந்தக் கொரிந்தியர் சிக்கலும் இல்லை.

அப்பா பள்ளிக்கூடத்தில் இயேசுவின் பேரை எடுக்கமாட்டார். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு அதைச் செய்யக் கூடாது என்பது அவர் கட்சி. கீழே சபையில் சிலருக்கு இது குறை. இத்தனை வருஷமாக மலையில் இருக்கிறீர்களே, எத்தனை ஆத்துமா? என்று கேட்பார்கள். அப்பா, இந்த வருஷம் பத்தாவதில் எத்தனை பேர் பாஸ் என்று பதில் சொல்வார். ஒரு முறை ஊழியக்காரர் ஒருவர் ஒலிபெருக்கியோடு வந்து எங்கள் திண்ணையிலிருந்தே ஊரைப் பார்த்துப் பேச வேண்டும் என்றார். மரத்தடிக் கல்லையும் அதைக் கும்பிடுகிறவர்களையும் பற்றி அவர் பேச உத்தேசித்திருந்தது என்ன என்று அப்பா முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள் என்றார். அம்மா அன்று வைத்த கோழிக் குழம்பு, பெரியம்மா கொடுத்த சேவலில் வைத்தது.

காவலூர் எங்களுக்குப் பக்கம். வானியலாளர் வேணு பாப்பு அறுபதுகளில் இருட்டான, தெளிவான வானம் தேடி வந்து வானாய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்த இடம். 1986 ஜனவரி 6-ஆம் தேதி ராஜீவ் காந்தி அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் தொடங்கிவைத்தார். வானாய்வகத்துக்கு அன்று பாப்புவின் பேரையே வைத்தார்கள். மலை முழுக்கத் திரண்டு போயிற்று. கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் நட்சத்திரம் பார்த்துக்கொண்டு வந்ததைச் சபை நினைக்கிற திருநாள் அது என்று அப்பாவுக்கு ஒரே பரவசம். தில்லியில் யாரும் யோசித்து வைத்த தேதியாக இருக்காது. பெரியம்மா கூட்டத்தில் இடிபட்டுத் திரும்பி வந்தாள். “பார்த்தேன். செவப்பா, சின்னப் புள்ள மாதிரி இருக்கிறான்.” தொலைநோக்கியைப் பற்றி அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அப்பாவிடம் படித்த பையன் ஒருவன் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியில் சேர்ந்தான். லீவுக்கு வரும்போதெல்லாம் எங்கள் குடும்ப ஜெபத்தில் உட்காருவான். ஒருநாள் ஞானஸ்நானம் எடுக்கப்போகிறேன் என்றான். அப்பா சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தோம். அவர், “உங்க அம்மாகிட்ட சொல்லிட்டியா?” என்றார். சொல்லிவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார். அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். “பேரை மாத்திட்டா நான் கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பானா சாரு?” பேரை மாற்றவில்லை. இன்றுவரை அவன் பெருமாள் பேரோடுதான் நற்கருணை வாங்குகிறான்.

சாதிச் சான்றிதழ் போய்விடும் என்று ஊரில் யாரோ அவனைப் பயமுறுத்தியிருந்தார்கள். போகாது. பழங்குடியினருக்கு மதம் ஒரு தடையில்லை. தாழ்த்தப்பட்டோருக்குத்தான் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை மதத்தை நிபந்தனையாக வைத்திருக்கிறது. ஆதிதிராவிடர் ஒருவர் கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். ஒரே பந்தியில் அப்பம் வாங்கும் இரண்டு பேரில் ஒருவருடைய சான்றிதழ் நிற்கும், இன்னொருவருடையது நிற்காது. அப்பா இதை அவனுக்குக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

படித்து, அரசு வேலையும் கிடைத்தபின் அவனுக்குப் பெண் பார்க்கும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். சபை முழுவதும் அவனைப் பற்றிப் பெருமையாகப் பேசியது. சாட்சி சொல்ல மேடையேற்றியது. பெண் என்று கேட்டதும் பேச்சு மாறியது. நல்ல விசுவாசிதான், ஆனாலும் பெண்ணுக்கு மலை ஒத்துக்காது. நல்ல பையன்தான், ஆனாலும் பெரியவர்கள் சம்மதிக்கமாட்டார்கள். ஒருவரும் சாதி என்ற சொல்லைச் சொல்லவில்லை, அவ்வளவு நாகரிகம். அப்பா அந்த மாதங்களில் பாட்டியின் அத்தைக் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டார். அது எங்களுக்குச் சிரிப்புக் கதையாக இல்லாமல் போய்விட்டது.

கடைசியில் மலையிலேயே, அவன் சொந்தத்திலேயே பெண் அமைந்தது. மலையாளிகளின் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பரிசம் கொடுத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் பேச்சை முடித்துவைத்தார்கள், போதகர் மலையேறி வந்து ஜெபித்தார், இரண்டும் ஒரே பந்தலில் நடந்தது. பெண் ஞானஸ்நானம் எடுத்தாளா என்று போதகர் கேட்க, அவள் தீர்மானிக்கட்டும் என்று அவன் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

அதே வருஷம் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நல்ல கிறிஸ்தவக் குடும்பம். அவர்கள் அதை அடிக்கடி சொன்னார்கள். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் மகளுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள் என்றும் சொன்னார்கள். பிறகு பவுன் கணக்கைச் சொன்னார்கள், ஒரு வண்டியும் சொன்னார்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல்; அது அப்பாவுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நிச்சயதார்த்தத்தில் தட்டின்மேல் கைவைத்து ஜெபம் நடந்தது. அப்பா சேமநலநிதியில் கடன் போட்டார்.

பெரியம்மா தன் மகளுக்கு வாங்கிய பரிசத்தில் ஒரு கறவை மாடு வைத்திருந்தாள். அவளுக்கு எங்கள் வீட்டுக் கணக்குப் புரியவே இல்லை. “பொண்ணையும் குடுத்து, காசும் குடுப்பீங்களா?” அம்மா ஆமாம் என்றாள். “அப்ப அந்த வூட்ல அவ போயி இன்னா செய்வா? வேலையும் அவதான் செய்வாளா?” அம்மா அதற்கும் ஆமாம் என்றாள். பெரியம்மா முருங்கை மரத்தடியில் நின்று எங்கள் வீட்டை ஒருமுறை ஏறஇறங்கப் பார்த்தாள். நாகரிகம் சொல்லிக்கொடுக்க மலைக்கு வந்தவர்கள் என்று எங்களைப் பற்றிச் சொந்தக்காரர்கள் பேசுவதுண்டு. அன்று ராத்திரி ஜெபத்தில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் கர்த்தருடைய ஜெபத்தோடு முடித்துவிட்டார்.

அம்மாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஊரில் சாவு விழுந்தால் வேதப்புத்தகத்தை எடுத்துப் போகமாட்டாள். ஜெபிக்கட்டுமா என்று கேட்கமாட்டாள். குடத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பாள், பிள்ளைகளைக் கூட்டிவந்து சோறு போடுவாள். மனசு உடைந்திருக்கிற நேரத்தில் சாமியைக் கொண்டுபோய் நீட்டுவது கடன்காரன் வேலை என்று ஒருமுறை சொன்னாள். அப்பாவுக்கு அந்த வார்த்தை கொஞ்சம் அதிகம் என்று பட்டது, மறுக்கவில்லை.

அப்பா ரிட்டயராகி நாங்கள் திருப்பத்தூருக்கு வந்தபின்னும் பெரியம்மாவோடு போக்குவரத்து நிற்கவில்லை. பலாப்பழம் பஸ் கண்டக்டர் கையில் வந்து சேரும். மலை மாறிக்கொண்டிருந்தது. சாமை விளைந்து பிழைப்பு நடக்கிற காலம் போய், ஆண்கள் குடகு காப்பித் தோட்டத்துக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போனார்கள். ‘வேலைக்கு’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஆந்திரக் காடுகளுக்குச் செம்மரம் வெட்டப் போனவர்களும் இருந்தார்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்தது. எல்லோரும் தமிழ்நாட்டுக் கூலிகள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள்.

பெரியம்மாவின் பேரன் அதற்கு முந்தின வாரம் வேலைக்கு என்று கிளம்பியிருந்தான். எங்கே என்று வீட்டில் சொல்லவில்லை. போன் அணைந்து கிடந்தது. அம்மா தகவல் தெரிந்த உடனே கிளம்பினாள். நான் துணைக்குப் போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசல் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் செல்போன், அதையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வழக்கம்போல நேரே பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். கேழ்வரகு மாவைக் கரைத்துக் கூழ் காய்ச்சினாள். யாரும் குடிக்கவில்லை.

இருட்டிய பிறகு பெரியம்மா அவளைக் கூப்பிட்டாள். “வாத்தியாரம்மா, உங்க சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லு.”

முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் எத்தனையோ வருஷம் ஜெபித்தவள், அந்த வீட்டுக்குள் வாய்விட்டு ஜெபித்தது அன்றுதான். சின்ன ஜெபம். பையன் பேரைச் சொன்னாள், அவன் எங்கே இருக்கிறான் என்று உமக்குத் தெரியும் என்றாள், இந்த அக்காவைப் பாரும் என்றாள். எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. ஆமென் சொல்ல அங்கே யாருக்கும் தெரியாது. நான் மட்டும் சொன்னேன்.

விடியற்காலையில் போன் வந்தது. பையன் குடகில், ஒரு எஸ்டேட்டில் இருந்தான். சார்ஜ் இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி நேரம் வந்தபோது அக்கா அம்மாவை முழங்கையால் இடித்தாள். நடந்ததை எழுந்து சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அம்மா அசையவில்லை. பிறகு வீட்டில் கேட்டதற்கு, “அந்த ராத்திரி போன் வராத வூடும் மலையில இருந்திச்சு. அவங்களும்தான் கும்பிட்டிருப்பாங்க” என்றாள். நான் கேட்ட பிரசங்கங்களில் எதிலும் இவ்வளவு கடினமான இடத்தை யாரும் தொட்டதில்லை.

பெரியம்மாவுக்கு அந்தத் தயக்கம் இல்லை. வேடியப்பனுக்குச் சேவல் அறுத்துப் பொங்கல் வைத்தாள். படைக்கும் முன் எடுத்த தட்டு இந்தத் தடவை தூக்குவாளியில் பஸ் ஏறித் திருப்பத்தூருக்கு வந்தது. கூடவே ஒரு முடிச்சில் 50 ரூபாய். “ரெண்டு பேர்கிட்டயும்தான் சொன்னேன். உங்க சாமி பங்கு இது.”

சாட்சி சொல்ல மறுத்தவளால் அடுத்தவர் காசை வைத்துக்கொள்ள முடியாது. காணிக்கைக் கவரில் போட்டு, மேலே பெரியம்மாவின் பேரைப் பெரிய எழுத்தில் எழுதினாள். எங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கைகளைப் போதகர் பேரோடு வாசிப்பார். பிறந்தநாள், கல்யாணநாள், புது வண்டி என்று வரிசையாக வந்தது. நடுவில் காளியம்மன் பேரில் ஒரு பெண், ஸ்தோத்திரக் காணிக்கை 50 ரூபாய். போதகர் ஒரு நொடி நிறுத்தி, கவரை மறுபடி பார்த்துவிட்டு மேலே வாசித்தார். முன்வரிசையில் சில தலைகள் திரும்பின.

வெளியே வந்ததும் ஒரு அம்மாள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். “யாரு அது, புதுசா? எந்த சபை?”

“எங்க அக்கா, மலையில இருக்காங்க” என்று சொல்லிவிட்டு, அம்மா செருப்புக் குவியலில் தன் ஜோடியைத் தேடப் போனாள்.